விண்டோஸ் 11 போட்டதும் டாஸ் பில்லிங் நின்றுவிட்டது, உதவுங்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த விற்பனைக் கிளையில் கணக்கு பார்க்கிறேன். போன திங்கட்கிழமை தலைமை அலுவலகத்து ஐடி ஆள் எங்களைக் கேட்காமலே விண்டோஸ் 11 போட்டுவிட்டார். அதிலிருந்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பில்லிங் புரோகிராம் திறக்கவில்லை. முன்பு இருந்தது 32 பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 64 பிட் மட்டும்தான், டாஸ் புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது.

மேலாளர் என்னைத் திட்டுகிறார். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் மாற்றியது சரி. இங்கே என்ன ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காததுதான் தப்பு.

பழைய புரோகிராமுக்கான விண்டோஸின் கம்பாட்டிபிலிட்டி மோடு பலிக்கவில்லை. அப்புறம் புது விண்டோஸுக்குள் டாஸ் புரோகிராமை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். புரோகிராம் திறக்கிறது, பில் அச்சாகவில்லை. பிரிண்டர் 80 காலம் (வரிக்கு 80 எழுத்து) டாட் மேட்ரிக்ஸ், யூஎஸ்பி. நோட்பேடிலிருந்து கொடுத்தால் அச்சாகிறது.

டாஸ்பாக்ஸிலிருந்து இந்த பிரிண்டருக்கு பில் அனுப்ப என்ன செய்ய வேண்டும்?