பனிக்காலத்தில் பென் லோமண்ட் ஏறக் கிளம்பும் புதியவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் பனி விழுந்ததுமே கேட்பது பென் லோமண்ட் மலையைப் பற்றித்தான். ஆசை நியாயமானது, நானும் முதல் வருஷமே போனேன். உயரம் 974 மீட்டர், ரோவார்டெனன் கார் பார்க்கிலிருந்து உச்சி வரை தெளிவான பாதை, வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் வெள்ளியங்கிரியில் முன்னாலும் பின்னாலும் ஆள் போய்க்கொண்டே இருப்பார்கள், சத்தம் கேட்கும், காலடியில் பாதை இருக்கும். இங்கே ஜனவரியில் அந்தப் பாதை பனிக்கு அடியில் போய்விடுகிறது.

குளிருக்குத்தான் எல்லோரும் தயாராகிறார்கள். எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு யாரும் தயாராவதில்லை. ஊரில் மார்கழி மூட்டமும் பனிதான், இங்கே தரையில் கிடப்பதும் பனிதான், காற்றில் பொடியாகப் பறந்து முகத்தில் அறைவதும் பனிதான். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

நாங்கள் நாலு பேர். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒடுங்கலான முகடு வரும், அங்கே மேகம் இறங்கிவிட்டது. ஐந்து மீட்டர் முன்னால் நண்பனின் சிவப்புப் பை மட்டும் வெள்ளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியது போலத் தெரிந்தது, அவன் கால் தெரியவில்லை. சமதரை என்று நினைத்துக் காலை வைத்தேன், முழங்கால் வரை இறங்கியது, சரிவு தொடங்கிவிட்டது கண்ணுக்குப் படவே இல்லை. சரி, திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்குள் வந்த காலடித் தடம் எல்லாம் காற்றில் மூடிப் போயிருந்தது. வழி பார்க்க இருந்தது என் போன் மட்டும், 40 சதவீதம் சார்ஜ் இருந்தும் குளிரில் அணைந்துவிட்டது.

அப்போது நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். தெற்கு நோக்கி இறங்குகிறோம், காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. முகத்தில் படாமல் இருக்க யாரும் சொல்லாமலே எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனோம். அந்த மலையில் இடப்பக்கம், கிழக்கே, செங்குத்தான பள்ளம். மேற்குக் காற்று பனியைத் தள்ளித் தள்ளி விளிம்பைத் தாண்டி ஓட்டு வீட்டு இறவாரம் போல நீட்டி வைத்திருக்கும், கார்னிஸ் என்பார்கள். மேலே நிற்பவருக்கு அது தரை மாதிரியேதான் இருக்கும், அடியில் ஒன்றும் கிடையாது. நல்லவேளையாகக் கையில் காம்பஸுடன் இறங்கி வந்துகொண்டிருந்த வயதான தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல், தங்களுக்குப் பின்னால் வரிசையாக வரச் சொன்னார்கள். அந்த அம்மா அவ்வப்போது ஒரு பனி உருண்டையை முன்னால் எறிந்து பார்த்தார். விழுந்து கிடப்பது தெரிந்தால் அங்கே தரை இருக்கிறது, சட்டென்று மறைந்தால் நிற்க வேண்டும்.

அதனால் முதலில் நேரக் கணக்கைப் போடுங்கள். 1892ல் நெய்ஸ்மித் என்பவர் சொன்ன கணக்கைத்தான் இங்கே இன்னும் பயன்படுத்துகிறார்கள்: மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பென் லோமண்ட் போக வர சுமார் 12 கிலோமீட்டர், ஏறவே மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் வரும், அதுவும் நல்ல தரையில் நிற்காமல் நடந்தால். ஆழப் பனியில் இரட்டிப்பானாலும் ஆகும். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, இட்லி சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு மலையடிவாரம் போய்ச் சேர்ந்தால் கணக்கு உதைக்கும்.

போனில் வரும் நகர வானிலையை நம்பாதீர்கள். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலை அறிக்கையில் உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்றே போடுவார்கள், நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பனிச்சரிவு அறிக்கை தனி. அது ஆறு பகுதிகளுக்குத்தான் வருகிறது, பென் லோமண்ட் அதில் சேராது. அறிக்கை இல்லை என்பதால் சரிவு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) வாங்கிவிட்டால் மட்டும் போதாது, சறுக்கி விழும்போது ஆக்ஸால் எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். ஏவிமோர் பக்கத்தில் கிளென்மோர் லாட்ஜில் அதற்கென்றே பனிக்காலப் பயிற்சி நடத்துகிறார்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஹெட் டார்ச் ஆளுக்கு ஒன்று. சாப்பாடு கையுறையைக் கழற்றாமல் தின்னக்கூடியதாக இருக்கட்டும், புளிசாதம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் என் விரல்கள் மரத்துப் போய் ஜிப்பைக்கூட இழுக்க முடியவில்லை. இப்போது பேரீச்சம்பழம்தான், மார்புப் பையில்.

ஆபத்து என்றால் 999, முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்பு என்று கேட்க வேண்டும். போலீஸ் என்றதும் தயங்க வேண்டாம், இங்கே மீட்பை ஒருங்கிணைப்பது அவர்கள்தான். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பில் எதுவும் வராது. செலவுக்குப் பயந்து இருட்டும் வரை போன் செய்யாமல் இருந்த தம்பிகளை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குறுஞ்செய்தியாகவும் 999க்கு அனுப்பலாம், ஆனால் ரெஜிஸ்டர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அனுப்பி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், இப்போதே செய்துவிடுங்கள்.

இந்த சனிக்கிழமை பென் லோமண்ட் போவதாக என்னிடம் சொன்னவர்கள் அதற்குப் பதிலாகப் பல்மாஹாவில் இருக்கும் கோனிக் ஹில்லுக்குப் போங்கள். 361 மீட்டர்தான், லோமண்ட் ஏரி நன்றாகத் தெரியும். காகித மேப்பும் காம்பஸும் எடுத்துப் போய், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே 100 மீட்டருக்கு உங்கள் நடையில் எத்தனை இரட்டை அடி (இடது, வலது சேர்த்து ஒன்று) என்று எண்ணிப் பழகுங்கள், மூட்டத்தில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை இதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். எனக்கு நல்ல தரையில் 66 வருகிறது, பனியில் 80ஐத் தாண்டிவிடுகிறது.