பள்ளியில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகப் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். ஊரில் படித்தது பி.காம். இப்போது ஸ்பீச் தெரபி முதுகலை படிக்க முடிவு செய்துவிட்டேன்.

காரணம் முதல் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டில் தமிழ்தான் பேசுவான். மேற்கு (west) என்றாலும் கையில்லாத மேல்சட்டை (vest) என்றாலும் அவனுக்கு ஒரே 'வெஸ்ட்'. தாளில் தவறு என்று குறித்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு ஒலி, நமக்கு ஒரே 'வ'. அது குறைபாடு இல்லையே, வீட்டு மொழியின் தடம்தானே! அவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது.

ஆஷா (ASHA, அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம்) சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி பக்கத்தில் இருந்து பார்ப்பது. பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வில் 162 மதிப்பெண் எடுக்க வேண்டும். அப்புறம் 36 வாரம் ஃபெலோஷிப், அதாவது மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை. இவ்வளவும் விசாரித்துவிட்டேன்.

வேறு பட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் ஒலிப்பியல், செவியியல் போன்ற முன்பாடங்களை வேலை பார்த்துக்கொண்டே எங்கே முடித்தீர்கள்? ஆன்லைனில் முதுகலை படித்தவர்களுக்குப் பயிற்சி செய்ய ஒரு பள்ளியைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்ததா, நீங்களே தேடினீர்களா? பயிற்சி மாதங்களில் சம்பளம் இல்லாமல் வீட்டை எப்படி ஓட்டினீர்கள்? இதுதான் என் பெரிய கவலை.

இன்னொன்று. தமிழ்க் குழந்தைகள் எந்த வயதில் ழ, ற தெளிவாகச் சொல்வார்கள் என்பதற்கு நம்பகமான ஆய்வு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.