டோர்ஸ்டெப்பிங்: ‘நடைக்கேள்வி’ சரிவருமா?

> ‘வழிமறிப்பு நேர்காணல்’ போதுமே. கேட்டதும் புரிகிறது.

அண்ணாச்சிக்கு வணக்கம். செய்தியாளர் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரின் வாசலுக்கோ வழிக்கோ போய்க் கேள்வி கேட்பதை ஆங்கிலத்தில் ‘டோர்ஸ்டெப்பிங்’ (doorstepping) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நீங்கள் ‘வழிமறிப்பு நேர்காணல்’ போதும் என்கிறீர்கள்.

புரிகிறது, ஆனால் வேறொன்றல்லவா புரிகிறது? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மறிப்பு, மறியல் என்றால் 2017 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். ஒக்கிப் புயலில் சிக்கியவர்களைத் தேடித் தரச் சொல்லி, கடற்கரை ஊர்களின் சனங்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கேட்டுக் கேட்டுப் பதில் வராதவர்கள் கடைசியாகச் செய்தது அது. செய்தியாளர் யாரையும் மறிப்பதில்லை. கேட்கிறார், எதிரே இருப்பவர் வாய் திறக்காமல் காரில் ஏறிப் போய்விடலாம்.

‘நேர்காணல்’, ‘பேட்டி’ இரண்டுமே எனக்கு இடிக்கின்றன. பேட்டிக்கு இரண்டு பேர் இசைய வேண்டும். விமான நிலைய வாசலில் நம் அரசியல்வாதிகள் மைக்குகளுக்கு முன்னால் நின்று பேசுவது பேட்டி. நிற்க வேண்டும் என்று எண்ணித்தான் நிற்கிறார்கள். நாம் பெயர் தேடுவது பேச மறுத்தவரிடம் போய்க் கேட்பதற்கு.

பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் தன் விதித்தொகுப்பில் இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரிடம் கேள்வி கேட்டு ஒளிபரப்புக்காகப் பதிவுசெய்வது, அல்லது செய்ய முயல்வது. தெருவில் போகிறவர்களிடம் கருத்துக் கேட்பது இதில் சேராது. எடுத்த எடுப்பில் செய்யவும் கூடாது: பேட்டி கேட்டு மறுத்திருக்க வேண்டும், அல்லது கேட்கவே வழியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது முன்கூட்டிச் சொன்னால் புலனாய்வே கெட்டுப்போகும் என்று நம்ப நல்ல காரணம் வேண்டும். ஆகவே ‘திடீர்ப் பேட்டி’யும் பொருந்தாது. பார்ப்பவருக்குத்தான் அது திடீர். அதற்குப் பின்னால் பெரும்பாலும் பதில் வராத கடிதங்கள் இருக்கும்.

‘கேள்வி’ என்ற சொல் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 2012 நவம்பர் 2 அன்று பிபிசியின் ‘நியூஸ்நைட்’ செய்தி நிகழ்ச்சி, வேல்ஸின் குழந்தைகள் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமையில் பழமைவாதக் கட்சியின் அந்தக் காலத்து முன்னணி அரசியல்வாதி ஒருவருக்குத் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. பெயரைச் சொல்லவில்லை. இணையத்தில் அக்கட்சியின் முன்னாள் பொருளாளர் லார்ட் மக்ஆல்பைனின் பெயர் பரவிவிட்டது. அவர் குற்றமற்றவர். ஒளிபரப்புக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிகழ்ச்சியில் குற்றம் சாட்டியவரிடம் மக்ஆல்பைனின் படத்தைக் காட்டவும் இல்லை. பின்னர் படத்தைப் பார்த்ததும் ‘இவரில்லை’ என்று அந்த மனிதரே சொல்லிவிட்டார். பிபிசியின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில், பொறுப்பேற்ற 54ஆம் நாள் பதவி விலகினார். பிபிசி 1,85,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. நிறுவனங்களின் தவறுகளைத் தோண்டுகிற ஒரு நிகழ்ச்சி, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் தன் நிறுவனத்தையே சாய்த்தது.

என் முன்மொழிவு: நடைக்கேள்வி.

‘நடை’ எங்கள் பக்கம் அன்றாடச் சொல். “நடையில நிண்ணு பேசாண்டாம், உள்ள வாருங்க” என்றுதான் வீட்டுக்கு வந்தவரை அழைப்போம். கோயிலில் நடை திறக்கும், நடை சாத்தும். உள்ளே வா என்று யாரும் அழைக்காதபோது, சாத்திய நடையில் நின்று கேட்பது நடைக்கேள்வி. நடந்துகொண்டே கேட்பது என்று வேறு ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை; காரை நோக்கி நடப்பவரோடு சேர்ந்து நடந்துதானே பல வேளைகளில் கேட்கிறார்கள்!

ஒன்றைக் கட்டாயம் வரையறையில் எழுதிவைக்க வேண்டும். ஒக்கி நாட்களில் நான் தூத்தூர்ப் பக்கம் இருந்தேன். மகன் கரை திரும்பாத ஒரு வீட்டின் நடையில், அழுதுகொண்டிருந்த அம்மையின் வாய்க்கு நேரே ஒருவர் மைக்கை நீட்டினார். அந்த அம்மை யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. எச்சரிக்கை ஏன் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை என்று கேட்க வேண்டிய நடைகள் வேறு. பொறுப்பில் இருப்பவரிடம் கேட்பதற்கு மட்டுமே இந்தச் சொல் என்று அகராதிக் குறிப்பிலேயே இருக்கட்டும்.

> தொலைபேசியில் திடீரென்று “பதிவாகிறது” என்று சொல்லிக் கேட்பதும் டோர்ஸ்டெப்பிங்தானே, அக்கா? அங்கே நடை ஏது?

சரியான கேள்வி, தம்பி. ஆஃப்காம் வரையறையிலும் அது இருக்கிறது. நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ‘தொலைபேசி நடைக்கேள்வி’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. அதற்கு ‘முன்னறிவிக்காப் பதிவு’ என்று தனிச்சொல் வைக்கலாமா? அண்ணாச்சியும் மற்றவர்களும் இந்த வரியை உரக்க வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: “மூன்று கடிதங்களுக்கும் பதில் வராததால், செய்தியாளர் தலைமைப் பொறியாளரிடம் நடைக்கேள்வி கேட்டார்.”