சின்ன வயசு தீம் பார்க் பிரமிப்பு உங்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கா? அனுபவத்தைச் சொல்லுங்க மக்களே

நீலாங்கரைக்காரி

80ஸ் 90ஸ் ஆளுங்க யாராச்சும் சின்ன வயசுல போன பார்க்குக்கே இப்ப திரும்பப் போயிருக்கீங்களா? அந்த பிரமிப்பு அப்படியே இருந்துச்சா, இல்ல "இதுக்கா அன்னிக்கு வாயப் பொளந்தோம்"னு ஆயிடுச்சா? எனக்கு ரெண்டும் ஒரே நாள்ல ஆச்சு, அதான் கேக்கறேன்.

எங்க காலத்துல மெட்ராஸ்ல ஸ்கூல் டூர்னா பாதி ஸ்கூலுக்கு ஈசிஆர்தான். முதலைப் பண்ணை, மகாபலிபுரம், விஜிபி பார்க் எல்லாத்தையும் ஒரே பஸ்ல ஒரே நாள்ல முடிச்சுட்டு ராத்திரி புளிசாத வாசனையோட வீட்ல எறக்கி விடுவாங்க. விஜிபில எனக்கு ஞாபகம் இருக்கறது ரைடு இல்ல, அந்த சிலை மனுஷன்தான். தலப்பா, முறுக்கு மீசை, ராஜா காலத்து டிரஸ், அசையவே மாட்டார், சிரிக்க வச்சா பரிசு. எங்க கிளாஸ் பசங்க அவர் முன்னாடி என்னென்ன சேட்டை பண்ணாங்கன்னு சொன்னா இப்ப அவனுங்க வேல பாக்கற ஆபீஸ்ல மரியாதை போயிடும். நான் மட்டும் அவர் காலையே பாத்துட்டு நின்னேன், ஏன்னா அது நெஜமாவே சிலைதான், மனுஷன்னு சொல்லி நம்மள ஏமாத்தறாங்கன்னு எனக்கு உறுதியா தோணுச்சு. பெரியவளானப்புறம் லண்டன் அரண்மனை காவலுக்கு நிக்கறவங்களப் பாத்துட்டு வந்துதான் விஜிபி ஓனர் இத ஆரம்பிச்சார்னு எங்கயோ படிச்சப்போ கூட, அப்ப அது மனுஷன்தானான்னு உள்ளுக்குள்ள ஒரு சின்ன ஏமாற்றம்.

இப்ப பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன், ஒம்போது வயசு. ராட்டினம் எல்லாம் குட்டியா தெரிஞ்சுது, அது எதிர்பாத்ததுதான். சிலை முன்னாடி நின்னதும் இவ என் போனைப் பிடுங்கி அவர் கண்ணுக்கு ஜூம் பண்ணி "அம்மா, சிமிட்டறார், மனுஷன்தான், வா போலாம்"னுட்டா. அவ்ளோதான். நான்தான் நகர முடியாம நின்னேன். இந்த வெயில்ல இந்தத் துணிக்குள்ள வேர்வை எப்படி ஓடும், மூக்குல ஈ உக்காந்தா என்ன பண்ணுவார், பாத்ரூம் வந்தா என்ன பண்ணுவார்னு ஒவ்வொண்ணா தோணத் தோண, அன்னிக்கு விட இப்பதான் அதிகமா மலைப்பா இருந்துச்சு. இத பிரமிப்புன்னு சொல்லலாமான்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க.

கோயமுத்தூர் குசும்பு

மனசுக்கு இருக்குதுங்க, காதுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர்ல சின்ன வயசுல ஒரு சுத்தற ரைடுல எறங்குன வேகத்துக்கு மறுக்கா ஓடிப்போய் க்யூல நிப்போம், போன லீவுல மச்சான் பசங்களோட அதே மாதிரி ஒண்ணுல ஏறி எறங்கி பெஞ்சுல உக்காந்தவன் அரை மணி நேரம் எந்திரிக்கலீங்க, எதுக்கால நீலகிரி மலை வேற சுத்துது. காதுக்குள்ள பேலன்ஸ் பாத்துக்கற சமாச்சாரம் ஒண்ணு சொல்லுதாம், கண்ணு வேற சொல்லுதாம், மூளை கொழம்புதாம், டாக்டர் சொன்னாருங்க. பசங்க "மாமா இன்னொருக்கா"ங்கறானுக. போடா டேய்.

லிஃப்ட் மெக்கானிக், தாம்பரம்

நான் லிஃப்ட் மெயின்டெனன்ஸ்ல இருக்கேன். எனக்கு உல்டா, வயசாக ஆக ஜாஸ்திதான் ஆச்சு.

கிஷ்கிந்தா தீம் பார்க்க 1995ல எங்க ஊர் பக்கத்துல தொறந்தாங்க. நவோதயா அப்பச்சன்னு மலையாள சினிமா தயாரிப்பாளர், நம்ம நாட்டோட முதல் 3டி படத்த எடுத்த கம்பெனிக்காரர், அவர் கட்டினது. பேரு பாருங்க, வாலியும் சுக்ரீவனும் ஆண்ட ஊரு. எங்க ஏரியா பசங்களுக்கு ஸ்கூல்ல ராமாயணம் நடத்தும்போது கிஷ்கிந்தான்னு வந்தாலே சிரிப்பு வந்துடும், "சார் அது பக்கத்துலதான் சார், பஸ்லயே போலாம்"னு ஒருத்தன் சொல்லி அடி வாங்கினான்.

அங்க எனக்கு அலைக்குளம்தான். மெரினா இருக்கற ஊர்ல பொறந்துட்டு, கடலே இல்லாத எடத்துல அலை வருதுன்னா எப்படி? எங்க அண்ணன் சொன்னான், கோவளத்துலேருந்து பூமிக்கடில பெரிய பைப்பு போட்டிருக்காங்க, சைரன் அடிச்சதும் வால்வைத் தொறப்பாங்கன்னு. நான் அத காலேஜ் வரைக்கும் நம்பலன்னாலும் எட்டாவது வரைக்கும் நம்பினேன். பொதுவா இந்தக் குளத்துல எல்லாம் என்ன பண்றாங்கன்னா, ஆழமான பக்கத்து செவுத்துக்குப் பின்னாடி ரூம் ரூமா இருக்கும், பெரிய ப்ளோவர் வச்சு அதுக்குள்ள காத்த அமுக்குவாங்க, தண்ணி கீழ போகும், காத்த விட்டா மேல வரும், மாத்தி மாத்தி பண்ணா அலை. வெறும் காத்து! இது தெரிஞ்சன்னிக்கு எனக்கு மாயம் கலைஞ்ச மாதிரி தோணல, கோவளம் பைப்பை விட இது நல்லா இருக்கேன்னுதான் தோணுச்சு.

ரோலர் கோஸ்டர் இன்னும் ஒரு படி மேல. ஏத்தத்துல போகும்போது டக் டக் டக்னு சத்தம் வரும்ல, சின்ன வயசுல அந்த சத்தத்துக்கே பாதி உயிர் போயிடும், ஏதோ ஒடையப் போகுதுன்னு. ஆனா அந்த டக் டக்தான் நம்மளக் காப்பாத்தறதே. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னாடி வராம இருக்க பல்லு பல்லா பட்டை போட்டு அதுல ஒரு கொக்கி விழுந்து விழுந்து போகும், அந்த சத்தம்தான் அது. உச்சி தாண்டிட்டா எஞ்சினும் கிடையாது மோட்டாரும் கிடையாது, மேல ஏத்தின எடையை வச்சே மொத்த சுத்தும் ஓடும் (நடுவுல தள்ளி விடற டைப்பும் இருக்கு, அத விடுங்க). சக்கரம் மூணு பக்கமும் இருக்கும், தண்டவாளத்துக்கு மேல, பக்கவாட்டுல, அடில. அடில இருக்கறதாலதான் உச்சில நம்ம உடம்பு சீட்ட விட்டு எழும்பினாலும் வண்டி எழும்பாது. இதெல்லாம் தெரிஞ்சு ஏறினா கத்தவே தோணாதுன்னு நெனப்பீங்க. நான் கத்தறேன். தெரிஞ்சே கத்தறேன்.

திருப்போரூர் பக்கம் வொண்டர்லா 2025 டிசம்பர்ல தொறந்துட்டாங்க, அங்க தண்டவாளத்துக்கு அடில தொங்கிட்டுப் போற கோஸ்டர் ஒண்ணு இருக்கு, தஞ்சோரான்னு பேரு. கால் அந்தரத்துல ஆடும். போங்க.

நீலாங்கரைக்காரி

@லிஃப்ட் மெக்கானிக் அந்த டக் டக் விஷயம் தெரியாமலே இத்தனை வருஷம் அதுக்கு பயந்திருக்கேன். சொல்லி என் பயத்துல பாதிய எடுத்துட்டீங்க, நன்றி சொல்றதா திட்டறதா?

தமுக்கத்துக்காரன்

நீங்கள்லாம் மெட்ராஸ்காரவுக, தீம் பார்க்குன்னு ஸ்டைலா சொல்றீக. எங்களுக்கு மதுரையில தமுக்கத்துல சித்திரைப் பொருட்காட்சிதேன். பரவைல அதிசயம் பார்க்கெல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது. மரணக் கிணறு பாத்திருக்கீகளா? பலகை அடிச்ச கெணறு, மேல விளிம்புல நின்னு எட்டிப் பாப்போம், பைக்குக்காரரு சைலன்சர் இல்லாத வண்டிய முடுக்கிக்கிட்டு செவுத்துலயே சுத்தி மேல வருவாரு, கையில நோட்ட நீட்டுனா கைய விட்டுட்டுப் பிடுங்கிட்டுப் போவாரு. பலகை மொத்தமும் ஆடும். இன்னிக்கு 40 வயசுல பாத்தாலும் எனக்கு அடிவயிறு கலங்கும், இதுல பிரமிப்பு போச்சாங்கறதெல்லாம் கேள்வியே இல்ல.

போனது எதுன்னா டெல்லி அப்பளம். அன்னிக்கு ரெண்டு கையாலயும் பிடிச்சா மூஞ்சியே மறைஞ்சிரும், மொளகாப் பொடி தூவி. இப்ப வாங்குனேன், மூஞ்சி மறையல. அப்பளம் சிறுத்துப்போச்சா மூஞ்சி பெருத்துப்போச்சான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டேன், பதில் வேணாம்னு விட்டுட்டேன்.

ஸ்காபரோ அண்ணை

நான் யாழ்ப்பாணம். 90களில எங்கட பக்கம் கரண்டே இல்லை, இதில தீம் பார்க் எங்க. எங்களுக்கு இருந்தது நல்லூர்த் திருவிழா, 25 நாள், கச்சான் கடை, விளையாட்டுச் சாமான் கடை, அவ்வளவுதான், அதிலயும் சில வருசம் போகேலாமப் போச்சுது. அதால "சின்ன வயசுப் பிரமிப்பு நிலைக்குமோ" எண்டு நீங்கள் கேக்கேக்க எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. எனக்கு அது தொடங்கினதே நாப்பதுக்குக் கிட்டத்தான்.

இஞ்ச டொரோண்டோவுக்கு வடக்கால வோன் எண்ட இடத்தில கனடாஸ் வொண்டர்லண்ட் இருக்கு, 1981ல திறந்தது, எங்கட சனம் சமருக்கு அங்கதான். 400ம் நம்பர் ஹைவேயில போகேக்கயே தெரியும். மகளுக்கு அங்க லெவையதன் எண்ட ரோலர் கோஸ்டரில ஏற உயரம் காணுமெண்டு வந்த வருசம், 137 சென்டிமீட்டர் இருக்கவேணும், அவள் தனிய ஏற மாட்டன் எண்டிட்டாள். மனுசி நைசாக் கழண்டிட்டா. 93 மீட்டர் உயரம், 148 கிலோமீட்டர் வேகம் எண்டு போர்டில போட்டிருக்கு, வாசிக்காமல் இருந்திருக்கலாம். மேல ஏறேக்க முழு ஊரும் தெரியுது, பிள்ளை கையை உயத்துது, நான் கம்பியைப் பிடிச்சபடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டதுதான் ஞாபகம். இறங்கினாப் பிறகு கால் நடுங்குது, ஆனாச் சிரிப்பு நிக்கேல்ல. விசர் மாதிரிச் சிரிச்சன். ஊரில எனக்குத் தெரிஞ்ச பயத்துக்குப் பிறகு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்ல. காசு குடுத்துப் பயந்துபோட்டு, பத்திரமா இறங்கிவந்து ஐஸ்கிரீம் குடிக்கலாம் எண்டதே எனக்குப் புதினமாத்தான் இருந்தது.

இப்ப ஒவ்வொரு வருசமும் சீசன் பாஸ். மகளுக்கு அலுத்துப்போச்சு, அவள் ஃபிரெண்ட்ஸோட மோலுக்குப் போறாள். நான் தனிய நிண்டு சிங்கிள் ரைடர் ஆரும் வேணுமோ எண்டு பாக்கிறன்.

தமுக்கத்துக்காரன்

அண்ணே, "காசு குடுத்துப் பயந்துட்டு" அந்த வரிய ரெண்டு மூணு தடவ படிச்சேன்.

ஜூரோங் வெஸ்ட்

சிங்கப்பூர்லேருந்து. எங்க தலைமுறைக்கு டைகர் பாம் கார்டன், அதாவது ஹாவ் பார் வில்லா. தைலம் வித்து பணக்காரரான ஆவ் பூன் ஹாவ் 1937ல கட்டினது. சீனப் புராண சிலைங்க ஆயிரக்கணக்குல, அதுல நரகத்தோட பத்து கோர்ட்டுன்னு ஒரு பகுதி, எந்தத் தப்புக்கு என்ன தண்டனைன்னு சிலை வடிச்சு வச்சிருப்பாங்க, கத்தி மரத்துல ஏத்தறது, கல்லுக்கு நடுவுல நசுக்கறது. பரீட்சைல காப்பி அடிச்சா குடலை உருவுவாங்க, நெஜமா, போர்டுலயே எழுதியிருக்கும். பிஎஸ்எல்இ (இங்க ஆரம்பப் பள்ளி முடிக்கறப்ப எழுதற பெரிய பரீட்சை) வருஷம் அப்பா என்னைக் குறிப்பா அந்த போர்டு முன்னாடி நிக்க வச்சார், நம்ம கருட புராணத்தையும் சேத்துக்கிட்டார்.

90ல அத டிராகன் வேர்ல்டுன்னு மாத்தி பெரிய டிராகன் வயித்துக்குள்ள படகுல போய் நரகத்தப் பாக்கற மாதிரி பண்ணாங்க, அப்புறம் அந்த டிராகனையும் எடுத்துட்டாங்க. இப்ப வாசல்லயே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன். 2021லேருந்து நரகத்துக்கு மட்டும் தனி டிக்கெட், ஹெல்ஸ் மியூசியம்னு ஏசி போட்டு வச்சிருக்காங்க. பையனக் கூட்டிட்டுப் போனேன். அவனுக்கு சிலைங்க காமெடி, பெயிண்ட் அடிச்ச ரத்தம்னு சிரிக்கிறான். செந்தோசா யூனிவர்சல் ஸ்டூடியோவுல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு வாயைப் பொளந்தவன். எனக்கு அந்த ரைடுல ஒண்ணும் ஆகல, ஸ்கிரீன்தானேன்னு இருந்துச்சு, ஆனா எட்டாவது கோர்ட்டு முன்னாடி நின்னா இன்னமும் கை தானா வயித்தப் பிடிக்குது. காப்பி அடிச்சதே இல்லன்னாலும்.

முன்னாள் கரடி

காலேஜ் லீவுல ஒரு பார்க்குல கரடி டிரஸ் போட்டு வேல பாத்தேன், பேர் வேணாம். உள்ள இருக்கற சூடும் நாத்தமும் சொல்லி மாளாது, கண்ணு ஓட்டை வாய்க்கிட்ட இருக்கும், அது வழியா தெரியறது எல்லாம் இடுப்பு உசரம்தான். சரியா குழந்தைங்க மூஞ்சி மட்டும். நாலு வயசு வரைக்கும் கரடின்னு நம்பும், ஏழு எட்டு வயசுப் பசங்க வாலைப் பிடிச்சு இழுத்து "டேய் உள்ள ஆள் இருக்கான்டா"ம்பானுங்க, அப்பனுங்க போட்டோ எடுத்துட்டு தோள்ல கை போடுவாங்க. ஆனா தாத்தா பாட்டிங்கதான் கரடிகிட்ட "தம்பி தண்ணி குடிச்சியா"ன்னு கேப்பாங்க. @நீலாங்கரைக்காரி நீங்க சிலைகிட்ட நின்னு யோசிச்சது அந்த கேஸ்தான், வயசாயிடுச்சு உங்களுக்கு.

நீலாங்கரைக்காரி

கரடியா இருந்தும் வாய் போகல பாருங்க உங்களுக்கு 😄

பை பாத்துக்கறவ

எல்லா குடும்பத்துலயும் பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, நனைஞ்ச துண்டு பாத்துக்க ஒருத்தி இருப்பால்ல, அது நான்தான். அன்னிக்கு தம்பிங்களுக்கு, இப்ப புருஷனுக்கும் பசங்களுக்கும். வருத்தமெல்லாம் இல்ல, பெஞ்சுல உக்காந்து எறங்கி வர்றவங்க மூஞ்சியப் பாக்கறது தனி பொழுதுபோக்கு, மீசை வச்ச ஆளுங்கதான் வெளுத்துப்போய் வருவாங்க. ஆனா இந்த திரிய படிச்சதும் ஒரு தடவை ஏறிப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. வயசு 47, கழுத்து தேய்மானம்னு சொல்லியிருக்காங்க. ஏறலாமா? லிஃப்ட் அண்ணா?

லிஃப்ட் மெக்கானிக், தாம்பரம்

கழுத்து தேய்மானம்னா கோஸ்டர் வேணாம்மா, எல்லா ரைடு வாசல்லயும் கழுத்து, முதுகு, இதயம், கர்ப்பம்னு போர்டு இருக்கும், அது சும்மா போடறது இல்ல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு மெதுவா சுத்தற ஜெயன்ட் வீல்ல ஏறுங்க. அலைக்குளமும் ட்ரை பண்ணலாம், ஆனா ஆழமான பக்கம் போகாதீங்க, இடுப்பளவு தண்ணியிலயே நில்லுங்க, சைரன் அடிச்சதும் கொஞ்ச நேரத்துல வரும்.

பை பாத்துக்கறவ

சரிண்ணா. பைய யார் பாத்துப்பா?

லிஃப்ட் மெக்கானிக், தாம்பரம்

லாக்கர் இருக்கும்மா, வாடகைக்கு.