காசிமேட்டில் பழைய பாய்மரத் தோணி: புதுப்பிக்க முதலில் எதைப் பார்க்கணும்?

கேள்வி: காசிமேட்டில் கரையேத்தி வச்ச 40 அடி மரத்தோணி. பசங்களுக்குப் பாய் ஓட்டக் கத்துக்கொடுக்கணும், வார இறுதியில் சுற்றுலாப் பயணிகளையும் ஏத்தணும். பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில் 1: பெயின்ட்டை நம்பாதீங்க அண்ணே. கூரான குத்தூசியால ஏரா (அடியில நீளமா ஓடுற முதுகெலும்பு மரம்), வங்கு (பலகையைத் தாங்குற விலா மரம்) எல்லாத்தையும் குத்திப் பாருங்க. மெத்துன்னு இறங்கினா மரம் உளுத்தாச்சு. மரத்தை அழுக வைக்கிறது பெரும்பாலும் மழைத்தண்ணிதான், அதனால தளத்துக்கு அடியிலயும் அணியம் (முன்பக்கம்), அமரம் (பின்பக்கம்) மூலைகளிலயும் கூடுதலா தேடுங்க. நாலஞ்சு ஆணியைப் பிடுங்குங்க. நடுவுல மெலிஞ்சு, சுத்தி மரம் கருத்திருந்தா ஆணி மொத்தமும் மாத்தணும். பழைய துளையில அதே அளவு ஆணி பிடிக்காது.

பதில் 2: பலகையை ஒரேயடியா கழட்டாதீங்க, கூடு வளைஞ்சிடும். முட்டுக்கொடுத்து, பக்கத்துக்கு ஒண்ணா மாத்துங்க. அடுத்தடுத்த பலகைகளோட மூட்டு 3 வங்கு இடைவெளியாவது தள்ளி வரணும். செம்பு ஆணியும் இரும்பு ஆணியும் கலக்கவே கூடாது, கடல்நீர்ல இரும்பு சீக்கிரம் அரிச்சிடும்.

கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்கை அடைக்க, பஞ்சுத்திரி; மேல குங்கிலியம் எண்ணெயில காய்ச்சிய கலவை. காய்ஞ்ச பலகையில ரொம்ப இறுக்கி அடிச்சா, தண்ணியில ஊதும்போது பலகை வங்கையே நெம்பிடும். அளவா அடிங்க. தண்ணியில இறக்கின முதல் சில நாள் கசியத்தான் செய்யும். ராத்திரியும் பம்போட ஆள் வேணும்.

பதில் 3: அடிபாரத்தை (தோணி கவிழாம இருக்க அடியில வைக்கிற எடை) நகராம கட்டுங்க. பாய்மரம் நட்டதும் சாய்வுச் சோதனை (எடையை ஒரு பக்கம் நகர்த்தி, தோணி எவ்வளவு சாயுதுன்னு பார்க்கிறது) முடியாம ஒரு பயணியையும் ஏத்தாதீங்க. அக்டோபர்–டிசம்பர் பருவமழையில இறக்க வேண்டாம், ஜனவரிக்கு மேல இறக்குங்க.