தூதரகத்தின் பாதுகாப்புக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

கேள்வி (திருப்பூர்): பனியன் ஏற்றுமதிக்காக அடிக்கடி இலண்டன் சென்று வருபவன் நான். 2023 மார்ச் 19 அன்று அங்குள்ள நம் தூதரகத்தின் பால்கனியில் ஏறிய ஒருவர் மூவண்ணக் கொடியை இழுத்து இறக்கிய காட்சியை, பெட்டி கட்டும் வேலைக்கு நடுவே கைப்பேசியில் பார்த்தோம். இத்தகைய குறைபாட்டுக்கு எந்த அரசு பொறுப்பு?

பதில் (ஈரோடு): அண்ணா, தூதரக வளாகத்தைக் காப்பது அது அமைந்துள்ள நாட்டின் சிறப்புக் கடமை என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு கூறுகிறது. அதனால்தான் அன்றிரவே பிரிட்டனின் மூத்த தூதரக அதிகாரியை டெல்லி அழைத்து விளக்கம் கேட்டது. சில நாட்களில் டெல்லியில் பிரிட்டன் தூதரகத்தின் முன்னிருந்த தடுப்புகளும் அகற்றப்பட்டன. அது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகவே பட்டது.

பதில் (கோபி): அனுப்பிய அரசும் தப்பிக்க முடியாது. 2012 செப்டம்பரில் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் உட்பட நால்வர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த பாதுகாப்பு மிகவும் போதாதது என்று அமெரிக்காவின் விசாரணைக் குழுவே எழுதியது. ஆனால், அதையொட்டிப் பணியிலிருந்து விலக்கப்பட்ட அதிகாரிகள் நால்வரும் மறு ஆண்டே வேறு பொறுப்புகளுக்குத் திரும்பிவிட்டனர்.

கேட்டவர்: நன்றிங்க. நம் நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு இதையெல்லாம் கேட்க முடியுமா?

பதில் (ஈரோடு): கேட்கலாம், ஆனால் அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா.