அம்பாசிடர் மார்க் 3: ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி டவுன், சூடானா செல்ஃப் மோட்டார் முக்குது. எங்கிருந்து பார்க்கணும்?

சேலம்_மார்க்3:
வணக்கம். 1978 அம்பாசிடர், பெட்ரோல். பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ, அந்த சார்ஜைக் கட்டுப்படுத்துற லூகாஸ் கண்ட்ரோல் பாக்ஸ் ரெண்டும் பழசேதான், நெகட்டிவ் எர்த் (பேட்டரி நெகட்டிவ் முனை பாடியோட சேர்ந்திருக்கு). சமீபத்துல இன்ஜினை இறக்கி, பானட் உள்பக்கம் வரைக்கும் பெயிண்ட் அடிச்சு ஏத்தினாங்க. புது ஸ்டீரியோவும் மாட்டியாச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தொல்லை.

ரெண்டு மூணு நாள் எடுக்காம விட்டா பேட்டரி காலி. 50 ஏஹெச் (ஆம்பியர்-மணி), வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. ஃபியூஸ் ரெண்டையும் கழட்டி வச்சாலும் இறங்குது. டேஷ்ல தனியா மாட்டின அம்மீட்டர் பூஜ்யத்துலதான் நிக்குது.

காலையில செல்ஃப் நல்லா சுத்துது. ஓடி சூடான பிறகு அணைச்சு எடுத்தா முக்கி முக்கி சுத்துது. பல தடவை சாவியை விடுற நேரத்துலதான் இன்ஜின் பிடிக்குது. பேட்டரியை மாத்திட்டு, டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டரும் போட்டுடலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். அதுக்கு முன்னாடி என்ன செக் பண்ணணும்?

லூகாஸ்பாக்ஸ்:
ஆல்டர்னேட்டர் இப்போ வேண்டாம் சார். இது ரெண்டு தனித்தனி கோளாறு. பேட்டரி இறங்குறதுக்கும் சூட்டுல செல்ஃப் முக்குறதுக்கும் ஒரே காரணம் தேடினா ரெண்டும் கிடைக்காது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதல்ல பேட்டரியை வெளி சார்ஜர்ல ஃபுல் பண்ணி, ராத்திரி முழுக்க கேபிள் கழட்டி வச்சு காலையில பாருங்க. 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி சார்ஜைப் பிடிச்சு வைக்குது. 12.2ன்னா பாதி போயிடுச்சுன்னு அர்த்தம். ஆசிட் அடர்த்தி காட்டுற ஹைட்ரோமீட்டர் இருந்தா ஆறு செல்லையும் பாருங்க. ஒரு செல் மட்டும் மத்ததைவிட 0.050க்கு மேல குறைஞ்சிருந்தா அந்த செல் போச்சு, அப்போ பேட்டரியை மாத்தித்தான் ஆகணும்.

அடுத்தது லீக், அதாவது வண்டி நிக்கும்போதே வீணாப் போற கரண்ட். எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, கதவை மூடி, எர்த் கேபிளைக் கழட்டுங்க. பேட்டரி எர்த் முனைக்கும் அந்தக் கேபிளுக்கும் நடுவுல முதல்ல ஒரு 12 வோல்ட் பல்பை வச்சுப் பாருங்க. பளிச்சுன்னு எரிஞ்சா பெரிய லீக், மீட்டரை வைக்காதீங்க. எரியலைன்னாலோ மங்கலா இருந்தாலோ மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வைக்கலாம். மீட்டர் இருக்கும்போது சாவியைத் தப்பித் தவறியும் திருப்பாதீங்க, செல்ஃப் இழுக்குற கரண்ட்ல மீட்டர் ஃபியூஸ் போயிடும். இந்த வண்டியில கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஸ்டீரியோ மெமரிக்கு ஒரு 10, 20 மில்லி ஆம்பியர் போகட்டும். அதுக்கு மேல போறதெல்லாம் கோளாறுதான்.

ஃபியூஸைக் கழட்டிப் பார்க்குறது புது வண்டிக்கு சரி. இதுல இருக்குறதே ரெண்டு ஃபியூஸ்தான். ஒண்ணு ஹார்ன், உள் லைட்டுக்கு. இன்னொண்ணு வைப்பர், பெட்ரோல் கேஜ் மாதிரி சாவி போட்டா வேலை செய்றதுக்கு. ஹெட்லைட், இக்னிஷன், டைனமோ லைன் எதுவும் ஃபியூஸ் வழியா போறதில்லை. அதனால ஃபியூஸ் ரெண்டும் வெளியில இருக்கும்போதே லீக் இருக்குன்னா, ஃபியூஸ் இல்லாத லைன்கள்லதான் தேடணும்.

செல்ஃபுக்கு வோல்டேஜ் டிராப் டெஸ்ட், அதாவது கேபிள் வழியில எவ்வளவு வோல்ட் வீணாகுதுன்னு பார்க்குறது. காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற மெல்லிய வயரைக் கழட்டிட்டா இன்ஜின் பிடிக்காம சுத்தும். வண்டி சூடா இருக்கும்போதே, ஒருத்தர் அஞ்சு செகண்ட் செல்ஃப் அடிக்க, மூணு ரீடிங் எடுங்க:

பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல (10க்குக் குறையக் கூடாது).
பேட்டரி பாசிட்டிவ் முனையில இருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரைக்கும் (0.5க்கு மேல போகக் கூடாது).
பேட்டரி நெகட்டிவ் முனையில இருந்து இன்ஜின் பிளாக் வரைக்கும், பெயிண்ட் இல்லாத இடத்துல (0.3க்குள்ள).

மீட்டர் புரோபை பேட்டரியோட ஈய முனை மேலயே வைக்கணும். கிளாம்ப் மேல வச்சா கிளாம்புக்கும் முனைக்கும் இடையில இருக்குற அழுக்கு ரீடிங்ல வராது.

பழையவண்டி_ஈரோடு:
டைனமோ வண்டின்னா கட்டவுட்டையும் (இன்ஜின் நின்னா டைனமோவை பேட்டரியில இருந்து பிரிக்கிற சுவிட்ச்) பார்த்துடுங்க. இன்ஜின் நின்ன பிறகு கண்ட்ரோல் பாக்ஸ்ல டைனமோ வயர் வர்ற டி முனைக்கும் பாடிக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. பூஜ்யம் வரணும். 12 காட்டினா கட்டவுட் பாயிண்ட் ஒட்டிக்கிட்டு இருக்கு. பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பிப் போய் அதை மோட்டார் மாதிரி சுத்தப் பார்க்கும். பெல்ட் இருக்கறதால சுத்த முடியாம சூடாகி, உள்ளே சுத்துற ஆர்மேச்சரே கருகலாம். உடனே பேட்டரி கேபிளை எடுத்துடணும். ஆனா அந்தக் கோளாறுல பேட்டரி ரெண்டு நாள் தாங்காது, சில மணி நேரத்துல முடிஞ்சுடும். உங்க கணக்குக்கு இது பொருந்தல, இருந்தாலும் ஒரு நிமிஷ வேலைதானே.

அந்தப் பாயிண்டைச் சுத்தம் பண்ண வேண்டி வந்தா எமரி ஷீட் போடாதீங்க. மெல்லிய கண்ணாடித் தாளை ஒரு துண்டு கிழிச்சு ஒரு இழுப்பு, அப்புறம் ஸ்பிரிட்ல துடைக்கணும். ரெகுலேட்டர் பாயிண்டும் அதே பாக்ஸ்ல பக்கத்துலயே இருக்கும், குழப்பிக்காதீங்க.

சேலம்_மார்க்3:
ரீடிங் எடுத்தாச்சு. ராத்திரி கேபிள் இல்லாம வச்ச பேட்டரி காலையில 12.6. செல் எல்லாம் சமமா இருக்கு. டி முனை பூஜ்யம். லீக் 0.38 ஆம்பியர், ஃபியூஸ் எடுத்தாலும் அதேதான். சூட்டுல செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில 10.6, பாசிட்டிவ் பக்கம் 0.35, எர்த் பக்கம் 1.7.

லூகாஸ்பாக்ஸ்:
ரெண்டும் பிடிபட்டுடுச்சு. பேட்டரி நல்லா இருக்கு, மாத்தாதீங்க.

10.6ல 0.35உம் 1.7உம் வழியிலயே போகுது. செல்ஃபுக்கு மிச்சம் எட்டரை வோல்ட்தான். சுமார் 150 ஆம்பியர் போற லைன்ல 1.7 வோல்ட்னா 11 மில்லி ஓம் தடை. மீட்டரை ஓம்ஸ்ல வச்சு அளந்தா இது தெரியவே தெரியாது, கரண்ட் போகும்போதுதான் காட்டிக் கொடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டுக்கும் எர்த் அதே இன்ஜின் பிளாக்தான். அதனால காயிலுக்கும் ஒன்பது வோல்ட்டுக்குக் கீழதான் கிடைக்குது, ஸ்பார்க் சோர்ந்து வருது. சாவியை விட்டதும் செல்ஃப் கரண்ட் நின்னு வோல்ட் ஏறும், இன்ஜின் இன்னும் அரைச் சுத்து சுத்திக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல பிடிக்கும். நீங்க சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். காலையில எல்லாம் ஆறி இருக்கறதால குறை வெளியே தெரியல. சூடான பிறகு மோட்டார் சுருளோட தடையும், கெட்ட ஜாயிண்டோட தடையும் சேர்ந்து ஏறுது.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல பின்னல் எர்த் பட்டை ஒண்ணு இருக்கணும். இன்ஜினை ஏத்தும்போது பெயிண்ட் மேலயே முடுக்கியிருப்பாங்க, இல்லைன்னா மாட்டவே மறந்திருப்பாங்க. செல்ஃப் அடிச்ச உடனே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா கரண்ட் அது வழியா திரும்புது, நாளைக்கு அது உருகிக்கூடப் போகலாம்.

பட்டையோட ரெண்டு முனை, பேட்டரி எர்த் கேபிள் பாடியில சேர்ற இடம், மூணு இடத்துலயும் லக் (கேபிள் முனையில இருக்குற வளையம்) உட்கார்ற அளவுக்கு பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கணும். ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கிட்டு, அதுக்கு மேல வாஸ்லின் தடவுங்க. பட்டை பச்சைப் பாசி பிடிச்சிருந்தா புதுசு போடுங்க. கேபிள் மாத்தினா 35 சதுர மில்லிமீட்டர் செம்பு, லக் கிரிம்ப் பண்ணினது. பண்ணி முடிச்சு அதே ரீடிங்கைத் திரும்ப எடுங்க. எர்த் பக்கம் 0.3க்குள்ள வந்த பிறகும் சூட்டுல முக்கினா மட்டும் செல்ஃபை இறக்குங்க. புஷ் தேய்ஞ்சு ஆர்மேச்சர் உரசுதான்னு அப்போ பார்க்கலாம்.

வயரிங்_மதுரை:
0.38 ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 9 ஏஹெச். 50 ஏஹெச் பேட்டரி மூணு நாள்ல பாதிக்குக் கீழ போயிடும், உங்க கணக்கு சரியா வருது. ஸ்டீரியோவைப் பாருங்க. மஞ்சள் வயர் மெமரிக்கு, அது எப்பவும் கரண்ட்ல இருக்கணும். சிவப்பு வயர் சாவி போட்டா மட்டும். ரெண்டையும் முறுக்கி, செல்ஃபுக்குக் கரண்ட் விடுற சுவிட்சான சொலினாய்டு போல்ட்ல நேரா மாட்டியிருந்தா செட் தூங்கவே தூங்காது. அம்மீட்டர் லைன் அந்த போல்ட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது, அதனால அது இந்தக் கரண்டைப் பார்க்கவே பார்க்காது. பார்த்தாலும் 30 ஆம்பியர் ஸ்கேல்ல 0.38க்கு முள் அசையாது. சொலினாய்டுல கூடுதலா இருக்குற மெல்லிய வயரைக் கழட்டிட்டு மீட்டரைப் பாருங்க. லீக் விழுந்தா சிவப்பை இக்னிஷன் பக்கம் ஃபியூஸுக்கும், மஞ்சளை ஹார்ன் ஃபியூஸுக்கும் மாத்திடுங்க.

இன்னொண்ணு, காலியான பேட்டரியை வண்டியை ஓட்டியே ஏத்திடலாம்னு நினைக்காதீங்க. இந்த டைனமோ முழு வேகத்துலயே 22 ஆம்பியர்தான், ஐடிலிங்ல ஒண்ணுமே தராது. ராத்திரி ஹெட்லைட்டுக்கே 9, 10 ஆம்பியர், இக்னிஷனுக்கு 3, 4. டவுன் டிராஃபிக்ல வரவைவிட செலவு அதிகம். சார்ஜர்ல 5 ஆம்பியர்ல போட்டு ஃபுல் பண்ணிட்டு மாட்டுங்க.

சேலம்_மார்க்3:
சொலினாய்டுல அந்த வயர் இருந்தது. எடுத்ததும் 0.38 பூஜ்யம் ஆயிடுச்சு. எர்த் பட்டை பெயிண்ட் மேலதான் இருக்கு, நாளைக்குச் சுரண்டணும். பேட்டரி கேபிளை அடிக்கடி கழட்டினதால டைனமோவுக்கு மறுபடி பீல்டு கொடுக்கணுமா (காந்தம் ஏத்தணுமா)?

பழையவண்டி_ஈரோடு:
கேபிள் கழட்டினதுக்காகத் தேவையில்லை, காந்தம் டைனமோ உள்ளேயே இருக்கும். டைனமோவைப் பிரிச்சு வேலை பார்த்தாலோ, பேட்டரி முனையை மாத்தி மாட்டினாலோதான் வேணும். அப்போ டைனமோவோட எஃப் (பீல்டு) வயரைக் கழட்டி, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு வயரை எஃப் முனையில ஒரு நொடி தொட்டு எடுத்தா போதும். எஃப் வயர் மாட்டியிருக்கும்போது அதைப் பண்ணாதீங்க, ரெகுலேட்டர் பாயிண்ட் போயிடும்.